இளைக்கும் நாயும் இல்லத்தின் கடமையும்

வீட்டில் ஒருவருக்கு முட்டு வருத்தம் இருந்தால் அவ்வீட்டின் நடைமுறை முழுவதுமே அதற்கேற்ப அமைந்துவிடுதலை நாம் கண்டிருக்கிறோம். கூட்டுகிறவர் அவர் எழுந்து வெளியே சென்ற நேரம் பார்த்துக் கூட்டுவார். மாரிகாலம் வருமுன்னரே மருந்து வாங்கி வைக்கப்படும். இரவில் ஓர் இருமல் கேட்டால் யாராவது ஒருவர் கண்விழிப்பார். மனிதருக்கு இவ்வாறு செய்தலை எவரும் புதுமையாகக் கருதுவதில்லை. வாய் பேசாத ஒரு நாய்க்கு அதே துன்பம் நேருமாயின் நாம் என்ன செய்கிறோம்? "கிழட்டு நாய், இருமுகின்றது" என்று சொல்லி அப்பாற் போய்விடுகிறோம். அதனைச் சந்தையடியிலோ கோவில் வீதியிலோ கொண்டுசென்று விட்டுவிட்டு வருவோரும் உளர்.

"தீராத வருத்தத்துக்கு மருந்து எதற்கு? அதுவும் ஒரு நாய்க்கா?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. கேட்போர் எல்லாரும் இரக்கமற்றவர் என்று கொள்ளல் தகாது. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களில் அது நியாயமான கேள்வியே. ஆதலின் அதற்கு நியாயமான விடையும் கூறப்படல் வேண்டும். இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

எங்கள் வீட்டில் மணி என்றொரு வெள்ளைப் பொமரேனியன் நாய் உண்டு. ஓய்வுபெற்ற அயல்வீட்டுத் தம்பதியர் கனடாவிலுள்ள தம் பிள்ளைகளிடம் நிரந்தரமாகச் சென்றபோது, ஆறு வயதான அந்த நாயை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றனர். வரும்போதே அதற்கு இருமல் இருந்தது. சாதாரண இருமல் அன்று. வாத்துக் கத்துவது போன்ற வறண்ட ஓசை. படலையில் யாரேனும் வந்து நின்றால் குரைக்கத் தொடங்கும். நான்காம் குரைப்பு இருமலாக மாறும். இருமல் முடியுமுன் கழுத்தை நீட்டிக் கால்களை அகட்டிக்கொண்டு மூச்சுக்காகப் போராடும். உறவினர் சிலர், "வருத்தக்கார நாயை ஏன் பொறுப்பெடுத்தீர்கள்?" என்று கேட்டனர். என் மனைவியார் அதற்கு விடை கூறாமல் மிருக வைத்தியரிடம் செல்வதற்கு முச்சக்கர வண்டியை அழைத்தார்.

வைத்தியர் அதன் கழுத்தை மெல்ல விரலால் அழுத்தினார். உடனே அதே வாத்துக் குரல் எழுந்தது. இருதயத்தைக் கேட்டார். மூச்சை உள்ளிழுக்கும்போது ஒன்றும் வெளிவிடும்போது ஒன்றுமாக இரண்டு எக்ஸ்ரே படங்கள் எடுக்கச் செய்தார். ஒரே படத்தில் இந்நோய் புலப்படாது மறைந்துவிடக்கூடும் என்பதே அதற்குக் காரணம். பின்னர், "இது மாறாது, ஆனால் இதனோடு நெடுநாள் சுகமாக வாழலாம்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே நினைவில் வைத்திருத்தல் வேண்டும் என்பது நாளடைவில் எமக்கு விளங்கியது.

குழாய் ஒடுங்குவது எவ்வாறு?

நாயின் மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கி நிற்கின்றன. இவை ஏறத்தாழ 35 முதல் 45 வரை இருக்கும். இவ்வளையங்கள் முழு வட்டங்கள் அல்ல. குதிரை லாடம் போல முதுகுப் பக்கம் திறந்தவை. திறந்த பக்கத்தை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும். பொமரேனியன், சிவாவா, யோர்க்ஷயர் டெரியர் முதலிய சிறு சாதி நாய்கள் சிலவற்றில் நடுவயதளவில் இக்குருத்தெலும்பு உறுதி இழக்கின்றது. வளையம் தட்டையாகின்றது, சவ்வு உள்ளே தொங்குகின்றது. நனைந்த காகிதக் குழாயால் இளநீர் உறிஞ்சிப் பார்த்த சிறுவர்கள் நடப்பது என்ன என்பதை எளிதில் அறிவர்: இழுக்க இழுக்கக் குழாய் ஒட்டிக்கொள்ளும். கழுத்திலுள்ள பகுதி மூச்சை உள்ளிழுக்கும்போதும், நெஞ்சுக்குள் உள்ள பகுதி வெளிவிடும்போதும் ஒடுங்கும். வைத்தியர்கள் இதனை 4 படிகளாக வகுப்பர். முதற் படியில் குழாயின் உள்வெளி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நான்காம் படியில் முற்றாக ஒட்டிவிடும்.

இருமும் நாய்க்கெல்லாம் இதுவே நோய் என்று எண்ணிவிடலாகாது. இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் இருமினால் அது சுவாசக் கிளைக்குழாய்களின் நாட்பட்ட அழற்சியாக இருக்கலாம். வயது முதிர்ந்த சிறு நாய்களில் இருதய வால்வு பழுதுற்று, இருதயம் பருத்து, அதனால் மூச்சு வாங்குவதும் உண்டு. மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. அயலவருடைய நாய்க்குக் கொடுத்த குளிசையை நம் நாய்க்குக் கொடுத்தல் ஆபத்து என்பதற்கு இதுவே காரணம். மனிதர் பாவிக்கும் மருந்துகளோ அதனினும் ஆபத்தானவை. பனடோல் அளவு மிகுந்தால் நாயின் ஈரல் கெடும். ஐபியூபுரோபன் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். சில இருமற் பாணிகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்னும் பொருள் நாய்க்கு நஞ்சு.

பொதுவாக இருமல் நன்மை செய்வது, சளியை வெளியேற்றுவது. குழாய் ஒடுங்கும் நோயிலோ இருமலே இருமலுக்குக் காரணமாகின்றது. ஒவ்வோர் இருமலும் குழாயின் சுவர்களை ஒன்றோடொன்று மோதச் செய்கின்றது. மோதிய இடம் வீங்குகின்றது. வீக்கம் மறுபடி இருமலைத் தூண்டுகின்றது. ஆகவே அச்சங்கிலியை அறுப்பதே வைத்தியத்தின் முதல் நோக்கம். இருமலை அடக்கும் மருந்து, குழாய்களை விரிக்கும் மருந்து, வேண்டியபோது சில நாள்களுக்கு ஸ்டெரொயிட் என்பன கொடுக்கப்படும். ஸ்டெரொயிட்டை நெடுநாள் குளிசையாகக் கொடுத்தால் பசி மிகுந்து உடல் பருக்கும். அதனாற் சில நாய்களுக்குக் குழந்தைகள் பாவிப்பது போன்ற இன்ஹேலரையே, முகமூடி பொருத்திய குழாயினூடாகக் கொடுக்கின்றனர். மிக முற்றிய நிலையில் உலோக வலைக் குழாயொன்றை மூச்சுக்குழாயினுள்ளே வைக்கும் சிகிச்சையும் உண்டு. எனினும் பெரும்பாலான நாய்களுக்கு மருந்தும் வீட்டுப் பராமரிப்புமே போதியவை.

வீடு மாறினால் மூச்சு மாறும்

மருந்து பாதி; வீடு பாதி. இந்த இரண்டாம் பாதிக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை, ஒழுங்கே வேண்டும்.

முதலாவது கழுத்துப்பட்டி. இளகிய குழாயின் மேல் தோற்பட்டி ஒன்றைக் கட்டி இழுப்பது எத்துணைக் கொடுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மார்பையும் தோளையும் சுற்றிக் கட்டும் மார்புப்பட்டியே இத்தகைய நாய்க்கு உகந்தது. மணிக்கு அதை மாட்டிய முதல் வாரத்திலேயே உலாவப் போகும்போது வரும் இருமல் வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது உடல் நிறை. கொழுப்பு மிகுந்தால் நெஞ்சும் வயிறும் நெருக்குண்டு மூச்சு விடுதலே பாரமான வேலையாகும். மணி எங்களிடம் வந்தபோது 7 கிலோ. வைத்தியர் குறித்துத் தந்த அளவு ஐந்தரைக் கிலோ. ஐந்து மாதங்களில் அந்த நிறைக்குக் கொண்டுவந்தோம். வேளைக்கு வேளை அளந்து வைக்கும் உணவினால் தீங்கு வருவதில்லை. தேநீருடன் ஒவ்வொருவரும் இரகசியமாகக் கொடுக்கும் பிஸ்கட்டினாலேயே வருகின்றது. விருந்தினர் உட்பட எல்லோருக்கும் தடை விதிக்கப்பட்டது. நிறுப்பதற்குத் தனித் தராசு வேண்டியதில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிறுத்துப் பார்த்து, பின்னர் தனியே நின்று நிறுத்து, கழித்துக்கொள்ளலாம். சிறுவருக்கு இது நல்ல கணக்குப் பயிற்சியுமாகும்.

மூன்றாவது புகை. இதுவே எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது. யாழ்ப்பாணத்து வீடொன்றிற் புகை எத்தனை வழியாக வருகின்றது என்பதை அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. விறகடுப்பு ஒன்று, நுளம்புச் சுருள் ஒன்று, வளவிற் கூட்டிய சருகையும் பனையோலையையும் கொளுத்துதல் ஒன்று, மாலையிற் போடும் சாம்பிராணி ஒன்று. நுளம்புச் சுருளுக்குப் பதிலாக வலை கட்டினோம். சமைக்கும் வேளையில் அடுப்படிக் கதவைச் சாத்தி, மணியை முன் விறாந்தையில் விட்டோம். சாம்பிராணி விடயத்தை என் தாயாரிடம் எடுத்துச் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. இறுதியில் என் மகளே சொன்னாள்: "அப்பம்மா, நீங்கள் புகை போடுகிற நேரம்தான் மணி கூட இருமுது." அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "பிள்ளையாருக்கு ஓர் அறுகம்புல்லும் போதுமே, பிள்ளை" என்றார். அன்று முதல் சுவாமி அறையில் விளக்கும் பூவும் மாத்திரமே. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி முற்றத்து வேப்பமரத்தடியில், காற்று வீட்டுக்கு எதிர்ப்புறமாக வீசும்போது போடப்படுகின்றது.

அயல்வீட்டாருக்கும் இதனை உணர்த்தினோம். இப்பொழுது அவ்வீட்டுப் பெரியவர் குப்பைக்கு நெருப்பு வைக்குமுன் வேலியருகே வந்து, "மாஸ்டர், கொளுத்தப் போறம், மணியை உள்ளுக்கு விடுங்கோ" என்று கூறிவிட்டே வைக்கிறார். ஒரு நாயின் வருத்தம் இரண்டு வீட்டாரை முன்னிலும் நெருங்கிய அயலவராக்கியது என்று கூறினால் அது மிகையாகாது.

நான்காவது வெப்பம். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மாத்திரமே சிறிதளவு வியர்க்கும். நாக்கை வெளியே தொங்கவிட்டு மூச்சு வாங்குதலே அது தன் உடற்சூட்டைத் தணிக்கும் வழி. மூச்சுக்குழாய் ஒடுங்கிய நாய் அந்த வழியையும் இழந்துவிடுகின்றது. வாங்க வாங்கத் தொண்டை வீங்கும். வீங்க வீங்கக் காற்றுக் குறையும். சூடு மேலும் ஏறும். சித்திரை வைகாசி வெயிலில் இத்தகைய நாயை விடியற்காலையிலும் பொழுதுபட்ட பின்னும் மாத்திரமே உலாவ விடுதல் வேண்டும். தார் வீதியிற் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அன்று உலாவல் இல்லை.

ஐந்தாவது பரபரப்பு. தீபாவளி வெடியும், கோவில் திருவிழா வாணமும், படலையில் நெடுநேரம் மணியடிக்கும் விருந்தினரும் இத்தகைய நாய்க்குப் பகைவர். நாங்கள் பாடசாலையிலிருந்து வரும்போது ஆரவாரமாக அழைப்பதை விட்டு, அமைதியாக உள்ளே வந்து உட்கார்ந்த பின்பே அதனைத் தடவிக் கொடுக்கிறோம்.

மூச்சை எண்ணும் பழக்கம்

ஒவ்வொரு குடும்பமும் கற்றுக்கொள்ளத்தக்க ஓர் எளிய சோதனை உண்டு. நாய் ஆழ்ந்து உறங்கும்போது அதன் விலாப்புறம் எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுதல் வேண்டும். நலமான நாய்க்கு அது பெரும்பாலும் 30க்கு உட்பட்டிருக்கும். நாள்தோறும் எண்ணிக் குறித்து வந்தால் அந்த நாய்க்கு இயல்பான எண் எது என்பது தெரியவரும். இயல்பான எண் தொடர்ந்து ஏறுமாயின், அல்லது 30ஐத் தாண்டி நிற்குமாயின், நாய் வெளிக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். என் மகள் நாட்காட்டியின் ஓரத்தில் இதனை எழுதி வருகிறாள். இரவுப் படிப்பு முடிந்ததும், "அப்பா, இன்றைக்கு 22" என்று கூறிவிட்டுப் படுக்கப் போவாள். வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அக்குறிப்பைப் பார்த்தே.

அவசர வேளையை அறிந்துகொள்ளுதலும் இன்றியமையாதது. முரசும் நாக்கும் நீலம் பாய்தல், நிற்க முடியாது சரிதல், ஓய்ந்திருக்கும்போதே வயிறு உள்வாங்க மூச்சுக்குப் போராடுதல் என்பவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. நாயின் இயல்பான உடற்சூடு 38 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் தொடங்கி 39 பாகையளவில் இருக்கும். 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெயிலால் வந்த இளைப்பாயின் நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெங்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியரிடம் செல்லுதல் நன்று. வாயில் வலிந்து தண்ணீர் புகட்டலாகாது, புரையேறும். இரவிலே வரக்கூடிய முச்சக்கர வண்டிக்காரர் ஒருவருடைய தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

குட்டி வாங்க விரும்புவோருக்கு

பிள்ளைகள் பக், பிரெஞ்சு புல்டோக், பெக்கினீஸ் போன்ற சப்பை மூக்கு நாய்க்குட்டி வேண்டுமென்று அடம்பிடிப்பதைப் பல வீடுகளிற் காண்கிறோம். அந்த முகம் குழந்தை முகம் போல இருப்பதே அதற்குக் காரணம். மனிதன் அழகென்று கருதித் தலைமுறை தலைமுறையாக மூக்கைக் குறுக்கினான். உள்ளேயிருந்த சதை அதற்கேற்பக் குறுகவில்லை. அதனால் மூக்குத் துவாரம் ஒடுங்கி, அண்ணத்தின் பின்சதை நீண்டு தொண்டையை அடைக்கின்றது. "எங்கள் நாய் குறட்டை விடுகிறது" என்று மகிழ்ந்து கூறப்படுவது பல வேளைகளில் மூச்சுத் தடையின் ஒலியே. பிரித்தானியக் கெனல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2019இல் ஒரு சோதனை முறையைத் தொடக்கின. இத்தகைய நாயை மூன்று நிமிடம் ஓடச் செய்து, முன்னும் பின்னும் அதன் மூச்சொலியைக் கேட்டு, 0 முதல் 3 வரை தரமிடுகின்றனர். குட்டி வாங்குவோர் அத்துணை நுட்பமான சோதனை செய்ய இயலாவிடினும், தாய் நாயைச் சிறிது தூரம் நடக்கவிட்டு அதன் மூச்சைக் கேட்கலாம். தாய் இளைத்தால் குட்டியை வாங்காது திரும்புவதே நன்று. வாங்குவோர் குறைந்தால் விற்பனைக்காக அவ்வாறு பெருக்குவோரும் குறைவர்.

தீராத வருத்தத்துக்கு மருந்து எதற்கு?

முற்கூறிய கேள்விக்கு இனி வருவோம். தீராத நோய் வேறு. தீராத துன்பம் வேறு. மணியின் குருத்தெலும்பு இனி ஒருநாளும் உறுதி பெறப்போவதில்லை. நாளொன்றுக்கு இருபது முறை இருமிய நாய் இன்று இரண்டு மூன்று முறை இருமுகின்றது; காலையில் வேப்பமர நிழலில் அணிலைப் பார்த்தபடி கிடக்கின்றது; இரவில் நீட்டி நிமிர்ந்து உறங்குகின்றது. நோய் இருந்த இடத்திலேயே இருக்கத் துன்பம் மாத்திரம் விலகியிருக்கின்றது. அந்த இடைவெளியை உண்டாக்கியது ஒரு குடும்பத்தின் பழக்கவழக்கம். மருந்துச் செலவு உண்டு, மறுப்பதற்கில்லை. மாதந்தோறும் அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கிறோம். வீட்டிற் சில ஆசைகள் அதற்காகத் தள்ளிப் போயிருக்கின்றன.

பாரதத்தின் முடிவில் தருமர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு விண்ணுலகம் புக மறுத்தார் என்பதை மாணவர் அறிவர். அந்நாயால் அவருக்கு யாதொரு பயனும் இருக்கவில்லை. நம்பி வந்ததைக் கைவிடலாகாது என்பது ஒன்றே அவர் காட்டிய நியாயம். பயன் நோக்கிக் கேட்கப்படும் கேள்விக்குப் பயன் நோக்காத விடையும் உண்டு என்பதை அக்கதை கூறுகின்றது.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மருந்துக்கு அடங்காது, படுத்துறங்க முடியாமல் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்து, உணவை வெறுத்து, நாலடி நடந்தாலே நாக்கு நீலம் பாயும் காலம் வரக்கூடும். அப்பொழுது நாட்காட்டியில் நல்ல நாள்களையும் தீய நாள்களையும் குறித்துப் பார்த்தல் வேண்டும். தீய நாள்கள் மிகுந்துவிட்டால் வைத்தியருடன் மனம்விட்டுப் பேசுதல் கடமை. நோவின்றி முடிவு தருதலை ஏற்போர் சிலர். கொல்லாமையைப் போற்றி, நோவு தணிக்கும் மருந்துடன் இறுதிவரை அருகிருப்போர் சிலர். எதனைத் தெரிந்தாலும் அதனைப் பிராணியின் துன்பத்தை வைத்தே தெரிதல் வேண்டும். நமது அலுப்பை வைத்து அன்று. கண்காணாத இடத்திற் கொண்டுபோய் விடுதல் இரண்டிலும் சேராது. அது நம் பங்குத் துன்பத்தையும் அதன் தலையிற் சுமத்துதலாகும்.

வாசகர் வீட்டில் நாய் இருக்குமாயின் இன்றிரவு அது உறங்கும்போது கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் அருகே உட்காருங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நாயின் நலம் எவ்வாறாயினும், பிறிதோர் உயிரின் மூச்சைக் கவனித்திருக்கும் அந்த ஒரு நிமிடம் பிள்ளைகளுக்கு வீணாகாது.